ஆள் தேடும் பெயர்

மாலை ஐந்தே முக்கால். நவம்பர் மாதம்… சதுப்பு நிலத்தின் குறுக்கே போகும் ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர் வாய்க்கால். நாலு கிலோமீட்டருக்கு ஒரே ஒரு வீடு. அங்கே வேலை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவதில்லை.

"எல்ஸ்பெத் தினமும் திருப்புவா," என்றாள் அந்தக் கிழவி. "அவ வேலையே அதுதான். வீடு வீடாப் போய் முடியாதவங்களக் குளிப்பாட்டி, மாத்திரை குடுத்துட்டு வர்ற சிஸ்டர். என் சிநேகிதியோட நாத்தனார்."

"அதானே," என்றான் யுப். "பேய்க்கதைன்னா சிநேகிதியோட நாத்தனாருக்குத்தான் நடக்கும். சிநேகிதிக்கு நடக்கவே நடக்காது."

எல்லோரும் சிரித்தோம். தெம்பில்லாத சிரிப்பு. பனியில் சாலை அடைபட்டு அது இரண்டாவது ராத்திரி. ஈரப்பனியின் கனம் தாங்காமல் மின்கம்பங்கள் ஒடிந்து ஊரே இருட்டில் கிடந்தது. வழியில் மாட்டிக்கொண்ட எங்களையெல்லாம் தீயணைப்புக்காரர்கள் தங்கள் நிலையத்தில் கொண்டுவந்து உட்கார்த்தியிருந்தார்கள். வண்டி நிற்கும் கூடத்தைக் காலி செய்து, நடுவில் ஓர் இரும்பு அடுப்பு. அதற்கு மேலே, எஞ்சின் தூக்கும் சங்கிலிக் கொக்கியில் ஒரு லாந்தர். ஈரக் கம்பளியும் டீசலும் பட்டாணிச் சூப்பும் கலந்த வாசனை. யுப் லாரிக்காரன். நானூறு கிறிஸ்துமஸ் மரங்களோடு மாட்டிக்கொண்டவன். அதில் நாலு மரம் ஏற்கெனவே அடுப்புக்குள் போயிருந்தது.

நானும் மரைகேயும் ஒரே காரில் வந்தவர்கள். ஒரே மருத்துவமனை. நான் சமையலறை, அவள் வார்டு. எட்டு வருஷப் பழக்கம். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில்தான் மாட்டினோம். உட்கார்ந்தால் அப்படியே விழுந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, அவள் சூப் பானையைத் தூக்கிக்கொண்டு, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஊற்றிக்கொண்டே வந்தாள். லாந்தர் தலையில் இடித்தது. கொக்கியைப் பிடித்து அதை நிறுத்தினாள்.

"வலப்பக்கமாவே சுத்தி வாம்மா," என்றாள் கிழவி. "அந்தப் பக்கம் ஈரம். வழுக்கும்."

கிழவி யார் என்று எங்களுக்குத் தெரியாது. முதல் நாளே டிராக்டரில் கூட்டிவந்தார்களாம். நாங்கள் மாற்றி மாற்றித் தூங்கினோம். அவள் தூங்கி யாரும் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே தோல் காகிதம் மாதிரி இருந்தது.

"அந்த வீட்டுக்காரர் கிளெமன்ஸ். கிளெமன்ஸ் பாடன்காம்ப். தொண்ணூறு தாண்டின மனுஷன்."

"பாடன்காம்பா?" என்றான் யுப். "நாடு முழுக்கச் சுத்தறவன் நான். இப்படி ஒரு பேரக் கேட்டதில்லையே."

"எப்படிக் கேப்ப? அந்தப் பக்கத்துப் பழைய பேச்சுல தவளைக்குப் பேரு பாடன். காம்ப்னா வேலி போட்ட வயல். தவளை வயலை ஒட்டின வீடு, அதனால வீட்டுக்கு அந்தப் பேரு. மனுஷனுக்கில்ல, வீட்டுக்கு. யாரு எசமானா வந்தாலும் தன் பேர வாசல்ல விட்டுட்டு வீட்டுப் பேர எடுத்துக்கணும்."

"எங்க தாத்தா காலத்துல எங்க ஊர்லயும் இருந்தது," என்றேன் நான். "மாப்பிள்ளையா வந்தவர் பொண்டாட்டி வீட்டுப் பேரத்தான் போட்டுக்கணும்."

"பாவம், தாத்தா," என்றான் யுப். "வீடும் அவளோடது, பேரும் அவளோடது. அவருக்குன்னு மிஞ்சினது செருப்புதான்."

கிழவி சிரிக்கவில்லை.

"ரொம்ப முன்னால, முப்பது வருஷப் போர் நடந்தப்ப, கொள்ளைநோய்ல அந்த வீட்ல எல்லாரும் செத்தாங்க. பட்டாளத்த விட்டு ஓடிவந்த ஸ்வீடன்காரன் ஒருத்தன் உள்ள போய்ப் படுத்தான். காலையில எந்திரிச்சப்ப அவன்தான் பாடன்காம்ப். அப்புறம் ஒரு ஆட்டிடையன். அப்புறம் ஹாலந்துலேர்ந்து வந்த துணி வியாபாரி. ஒருத்தனுக்கொருத்தன் ஒட்டுமில்ல, உறவுமில்ல. அந்தப் பேருல ரத்தம் ஓடல. பேரு மட்டும் ஓடிச்சு. கிளெமன்ஸும் அப்படித்தான். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு சிலேசியாலேர்ந்து ஜெர்மன்காரங்களத் துரத்திவிட்டப்ப கையில ஒரு பெட்டியோட வந்தவர். அந்த வீட்டு விதவையக் கட்டிக்கிட்டார்."

"பேரு பெருகியிருக்கணுமே?" என்று கேட்டேன்.

"பெருகிச்சு. இளைய பிள்ளைங்க பேரோட வெளியூர் போனாங்க. ஒரு காலத்துல பதினோரு வீடு. போருல ஆறு போச்சு. பொண்ணாவே பொறந்து நாலு போச்சு. மிச்சம் ஒண்ணு."

யுப்பால் சும்மா இருக்க முடியவில்லை. சுவரோரம் தொங்கிய தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து டார்ச் அடித்துப் பக்கம் புரட்டினான்.

"பாட்பெர்க்… பாட்பெர்க்… இதோ. அட, ஒண்ணே ஒண்ணுதான்." கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். "முதல் பேரக் காணமே. வெறுமனே பாடன்காம்ப்னு போட்டிருக்கு."

"அந்த வீட்ல முதல் பேருக்கு அவசியமில்ல," என்றாள் கிழவி.

மரைகே காப்பிக் கெண்டியோடு வந்தாள். கூடத்தின் கோடியிலிருந்த குழாயடியில் இவ்வளவு நேரம் பானை கழுவிக்கொண்டிருந்தவள். ஒவ்வொரு கோப்பையாக ஊற்றியபடி அடுப்பைச் சுற்றினாள். நடக்கும்போதே கண் செருகியது. ஓரிடத்தில் தள்ளாடிக் கொக்கியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடி குழாயடிக்கே போய்விட்டாள்.

கிழவி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கதைக்குத் திரும்பினாள்.

எல்ஸ்பெத்துக்கு ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. காஸல் நகரத்தில் மகள். மகள் வீட்டில் ஒரு சின்ன அறை, ஜன்னலோரம் கட்டில். அந்தக் கட்டிலில் பத்து மணி வரை தூங்கவேண்டும். அது ஒன்றுதான் அவள் ஆசை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு கடைசியாக வந்து சேர்வது கிளெமன்ஸ் வீடு. அவரும் தினம் ஒன்றையே கேட்பார்.

"சிஸ்டர், இந்தப் பேர எடுத்துக்கறியா?"

"எனக்கு ஒண்ணு இருக்கே, கிளெமன்ஸ். அதுவே போதும்."

"இத வச்சுக்கிட்டுச் சாக முடியல, சிஸ்டர். தூங்கவும் முடியல. என் பொண்டாட்டி சாகறப்ப எங்கிட்ட குடுத்துட்டுப் போனா. யாராவது வாங்கிக்கிட்டாத்தான் நான் கண்ண மூட முடியும்."

"சரி, நீங்க பொறந்த பேரு என்ன? அதச் சொல்லுங்க, அதையே வச்சுக்கலாம்."

கிழவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "அதத்தான் நாப்பது வருஷமா யோசிக்கறேன்."

அந்த வீட்டில் கூடத்தின் நடுவே, தரையிலேயே அடுப்பு. மேலே உத்தரத்திலிருந்து கெண்டி மாட்டும் இரும்புக் கொக்கி. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தக் கொக்கியைத் தொட்டு அடுப்பை மூன்று முறை வலமாகச் சுற்றவேண்டும். பேர் வைத்திருப்பவர் கேட்பார். வந்தவர் சரி என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் சடங்கு. பாதிரியாரும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம்.

"பதிவு ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?" என்றான் யுப்.

"ஆபீஸ் ஒத்துக்காது. வீடு ஒத்துக்கும்."

அந்த நவம்பர் மாலை… எல்ஸ்பெத்துக்குக் காலையிலிருந்து நின்ற கால். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தது. கிழவரை அவள் கொஞ்சம் நடக்கவைக்கவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நடக்க அடுப்பைச் சுற்றித்தான் இடம். கையைப் பிடித்து நடத்தினாள். ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அவர் தள்ளாடுவார், அவள் கொக்கியைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு… மூன்று… கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள். விளக்கை அணைக்கப்போனபோது பின்னாலிருந்து அதே குரல்.

"எடுத்துக்கறியா, சிஸ்டர்?"

அவளுக்கு வீட்டுக்குப் போகவேண்டும். வேறு எதுவும் மனதில் இல்லை.

"சரி, சரி. நீங்க தூங்குங்க."

வெளியே வந்தாள். கடுங்குளிர். வாய்க்கால் பனிக்கட்டியாக உறைந்து, நிலா வெளிச்சத்தில் தகரம் மாதிரி கிடந்தது. கார்ச் சாவியைத் தேடினாள். அப்போது கேட்டது… கர்… கொஞ்சம் இடைவெளி. கர்… பனிக்கட்டிக்கு அடியிலிருந்து. ஒன்று, பத்து, நூறு. நவம்பரில் எந்தத் தவளையும் கத்தாது. அந்தக் குளிரில் அதெல்லாம் சேற்றுக்குள்ளே செத்த மாதிரி கிடக்கும். ஆனால் கத்தியது. சதுப்பு முழுக்க.

அவள் திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். கிளெமன்ஸ் தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மூச்சும் இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டாள். எங்கள் பக்கத்தில் போனில் முதலில் தன் பேரைச் சொல்வோம், பிறகுதான் பேச்சு. வாயைத் திறந்தாள்.

"பாடன்காம்ப்," என்றது அவள் வாய்.

அடுப்பில் மரப்பிசின் வெடித்தது.

"அப்புறம் காஸலுக்குப் போனாளா?" என்று கேட்டேன்.

"போனா. ஜன்னலோரக் கட்டில்ல மூணு வாரம் படுத்தா. ஒரு பொட்டுத் தூக்கமில்ல. மக வீட்டு வாசல்ல பேர்ப்பலகையில ரெண்டு பேரு எழுதியிருந்தது. ஒண்ணு மருமகனோடது. இன்னொண்ணு யாருதும்மான்னு மககிட்ட கேட்டா. மக அழுதா."

"அது…"

"அது எல்ஸ்பெத்தோட குடும்பப் பேருதான். அந்த வீட்டுக்கே திரும்பி வந்துட்டா. வேற எங்க போறது? இருபது வருஷம். கண்ண மூடினா தவளைச் சத்தம். அசதின்னா என்னன்னு உங்களுக்கெல்லாம் தெரியும்னு நினைக்கறீங்க. தெரியாது."

"யார் தலையிலயாவது கட்டிவிட்டுட்டு நிம்மதியாப் போயிருக்கலாமே?" என்றான் யுப். குரலில் பழைய கேலி இல்லை.

"யாரு வரா அந்தச் சாலைக்கு? அப்படியே வந்தாலும்… இன்னொருத்தி தலையில கட்டறதுக்கு மனசு வரணுமில்ல? அவளுக்கும் மனசாட்சி இருந்தது." கிழவி தன் கைகளைப் பார்த்தாள். "ரொம்ப நாள் இருந்தது."

மரைகே காலிக் கோப்பைகளை எடுக்க வந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வலமாகச் சுற்றினாள். லாந்தர் மறுபடி இடித்தது. ஒரு கையால் கொக்கியை நிறுத்திவிட்டுக் கிழவியிடம் வந்து நின்றாள். கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கி எத்தனை நாளாச்சும்மா?"

"ரெண்டு."

"நல்ல பொண்ணு நீ. மன்னிச்சுக்கோ, ஒரு சின்ன உபகாரம். கொஞ்ச நேரத்துல தீயணைப்புக்காரர் பெர்ன்ஹார்ட் வந்து எல்லார் பேரையும் கூப்பிடுவார். நான் கண்ணசரப் போறேன். என் பேரக் கூப்பிட்டா நீ பதில் சொல்லிடறியா?"

கோப்பைக் கோபுரம் சரிந்துவிடாமல் தாடையால் அழுத்திக்கொண்டு மரைகே கொட்டாவி விட்டாள்.

"சரி, சரி. நீங்க தூங்குங்க."

எனக்குள் ஏதோ உறுத்தியது. வாயைத் திறந்து ஏதோ சொல்லியிருக்கவேண்டும். என்னவென்று யோசிக்கத் தெம்பில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கிழவி சுவரில் தலையைச் சாய்த்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாகக் கண்ணை மூடினாள். வெளியே எங்கோ தூரத்தில் கரகரவென்று ஒரு சத்தம்.

"ஜெனரேட்டர்," என்றான் யுப்.

ஜெனரேட்டர் எண்ணெய் தீர்ந்து சாயங்காலமே நின்றுபோயிருந்தது. அது அவனுக்கும் தெரியும். அடுப்புக்குள் இன்னொரு மரக்கிளையை ஒடித்துப் போட்டான். அதற்கப்புறம் அவன் ஜோக் அடிக்கவில்லை.

நான் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. கண் விழித்தபோது தீயணைப்பு நிலையத்துப் பெர்ன்ஹார்ட் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். பூட்ஸ் முழுக்கப் பனி.

"சாலை திறந்தாச்சு. டிராக்டர் பின்னாலயே வரிசையாப் போகலாம். பேர் கூப்பிடக் கூப்பிட வாங்க." அகர வரிசைப்படி படித்தார். ஒவ்வொருவராக முனகிக்கொண்டே எழுந்தார்கள். நானும் என் பேருக்கு எழுந்து நின்றேன்.

"பாடன்காம்ப்."

பதில் இல்லை. அந்தப் பேரை எழுதிக்கொண்டவர் அவர்தான். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். நேராகக் கிழவியிடம் போனார். "அம்மா, எந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்." தோளைத் தொட்டார். பிறகு மணிக்கட்டைத் தொட்டார். தொப்பியைக் கழற்றினார். கிழவியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"இங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மரைகே. கோட் பொத்தானைப் போட்டுக்கொண்டே முன்னால் வந்தாள். "டிராக்டர் சதுப்பு வழியாத்தானே போகுது? என்னை வீட்டு வாசல்லயே இறக்கிவிட்டுடுங்க."

பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்தாள், சொல்கிறாள். தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாள். அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெர்ன்ஹார்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவியின் மேல் ஒரு கம்பளியை இழுத்து மூடிவிட்டு, பழக்க தோஷத்தில் காகிதத்தைப் பார்த்து மிச்சத்தைப் படித்தார். இரண்டு மூன்று பேர் தள்ளி, கடைசிப் பேர்.

"வெஸ்ஸிங்."

யாரும் அசையவில்லை.

"வெஸ்ஸிங்! மரைகே வெஸ்ஸிங்! யாரும்மா அது, இருக்கீங்களா?"

நாங்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

மரைகேயும் கொட்டாவி விட்டுக்கொண்டே தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அந்த வெஸ்ஸிங் யார் என்று.