மீன் தொட்டிக் குழாயில் நான் போட்ட ஓட்டை

13.10.1984 சனிக்கிழமை காலை 9.40 மணிக்குப் போலீஸ் நிலையத்தில் சார்ஜன் ரமணி முன்னிலையில் கொடுத்தது.

பெயர்: ம. இஞ்ஞாசிமுத்து. தகப்பனார்: மரியராஜ் (காலமாகிவிட்டார்). வயது: 41. மதம்: கத்தோலிக்கம். தொழில்: குழாய் வேலை, லைசென்ஸ் உண்டு. இருப்பிடம்: சிடாம் கிரி, கெடா.

நான் மேற்படி இடத்தில் என் மனைவி அகத்தாவோடு குடியிருந்து வருகிறேன். எனக்கு மலாய் நன்றாகப் பேச வரும். ஆனால் கோபமாக இருக்கும்போது வராது. ஆகவே தமிழில் சொல்கிறேன், சார்ஜன் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை, சுங்கை பட்டாணியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பெரிய கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் தலைமைக் கணக்கர், திரு. அரியரத்தினம் வீட்டு மீன் தொட்டியை உடைத்தது நான்தான். என் பெரிய குழாய் ஸ்பானரால் உடைத்தேன். அதை என் வாயிலிருந்து யாரும் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முந்தின நாள் அந்த வீட்டுக் கூடம் தண்ணீரில் மிதந்தது என் வேலைக் கோளாறால் என்று அவர் கொடுத்த புகாரில் எழுதியிருக்கிறது. அது பச்சைப் பொய். அந்தப் பொய் என் பெயரில் ஏறினால் என் லைசென்ஸ் போய்விடும். பரீட்சை எழுதி வாங்கிய லைசென்ஸ். எங்கள் குடும்பத்தில் சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி வந்த முதல் காகிதம் அதுதான், மாதா படத்துக்குக் கீழே அகத்தா மாட்டி வைத்திருக்கிறாள். அது போனால் நான் மறுபடியும் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

இவ்வருடம் ஆகஸ்டு மாதக் கடைசியில் கிராணி ஐயா எனக்கு ஆள் அனுப்பினார். அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கோலா கெத்தில் பக்கம் என் அப்பா பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் அவர் கிராணியாக இருந்தார். நான் அவர் வீட்டுக்குப் போனதும், "நீ மரியராஜின்ர பொடியன்தானே? இப்ப குழாய் வேலையெல்லாம் செய்யிறியோ?" என்று கேட்டார். நாற்பத்தொரு வயதில் நான் இன்னும் பொடியன். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் ஒரு பெரிய தாளை விரித்துக் காட்டினார். பினாங்கில் யாரோ வீட்டில் பார்த்ததாம். கூடத்தில் மூன்றடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி, அதற்குக் கீழே அலமாரிக்குள் மறைவாக ஒரு சின்னத் தொட்டி. மேல் தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கி, பஞ்சிலும் கல்லிலும் சுத்தமாகி, ஒரு சிறு மோட்டார் மூலம் இன்னொரு குழாய் வழியாக மேலே ஏற வேண்டும். ஸ்கேல் பிடித்து அழகாகத்தான் வரைந்திருந்தார். ஆனால் இரண்டு குழாயையும் ஒரே அளவில் வரைந்திருந்தார்.

நான் அது சரிவராது என்றேன். ஏற்றும் குழாய் அரை அங்குலம் என்றால் இறக்கும் குழாய் ஒரு அங்குலம் வேண்டும், ஏனென்றால் ஏறுகிற தண்ணீரை மோட்டார் தள்ளுகிறது, இறங்குகிற தண்ணீரை யாரும் தள்ளுவதில்லை, அது தன்பாட்டுக்குத்தான் விழ வேண்டும், இரண்டும் ஒரே அளவாக இருந்தால் மேல் தொட்டி பொங்கிவிடும் என்று விளக்கிச் சொன்னேன். அவர் அரைமனதாகச் சம்மதித்தார். இறக்கும் குழாய்க்குப் பின்கண்ணாடியின் மேல் ஓரத்தில் துளை போட வேண்டும் என்றும் சொன்னேன். அப்படிச் செய்தால் மோட்டார் நின்றதும் தண்ணீர் அந்தத் துளைக்குக் கீழே போய், இறக்கம் தானாக நின்றுவிடும்.

ஏற்றும் குழாயில்தான் வம்பு வந்தது. அதன் வாயை நான் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் வைக்க நினைத்தேன். கிராணி ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. குழாய் கண்ணுக்குத் தெரியக் கூடாது, வாய் கீழே இறங்கித் தொட்டிக்குள் இருக்கும் அலங்காரக் கல்லுக்குப் பின்னால் மறைய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வாய் அடியில் இருந்தால், கரண்டு போய் மோட்டார் நின்றதும் அதே குழாய் தண்ணீரைத் திருப்பி உறிஞ்சிக் கீழே கொட்டும். காரிலிருந்து ரப்பர் குழாய் வைத்து பெட்ரோல் எடுப்பது போலத்தான். மேல் தொட்டி காலியாகிற வரைக்கும் நிற்காது. கீழ்த் தொட்டி சின்னது, அது தாங்காது. இதை அவருக்குச் சொன்னேன். "அதுக்கு ஒரு வழி பார், அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டது" என்றார்.

வழி பார்த்தேன். ஏற்றும் குழாயில், தண்ணீர் மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே, ஆணிப் பருமனில் ஒரு ஓட்டை போட்டேன். மோட்டார் நின்று தண்ணீர் அரை அங்குலம் இறங்கியதும் அந்த ஓட்டை வெளியே தெரியும், காற்று உள்ளே போகும், உறிஞ்சல் அறுந்துவிடும். அந்த அரை அங்குலத் தண்ணீரைத் தாங்குவதற்குக் கீழ்த் தொட்டியில் நான்கு அங்குலம் இடம் விட்டேன். தண்ணீர் எதுவரை ஏறும் என்று கண்ணாடியில் சிவப்பு மையால் கோடு போட்டேன்.

செப்டம்பர் 15-ஆம் தேதி மாலை வேலை முடிந்தது. கிராணி ஐயாவையும் அவர் மனைவி பாலாம்பிகை அம்மாவையும் நிறுத்தி வைத்து, அவர்கள் கண் முன்னால் சுவிட்சை அணைத்துக் காட்டினேன். கீழே தண்ணீர் சிவப்புக் கோடு வரை வந்து நின்றது. அதன் பிறகு ஓட்டையைத் தொட்டுக் காட்டி, "ஐயா, இது வேணும்னே போட்டது. மேல தண்ணி கொறஞ்சா இதுல பீச்சும். பீச்சுனா தண்ணி ஊத்துங்க. அடைக்க மட்டும் கூடாது லா" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அம்மா, "விளங்கிட்டுது தம்பி" என்றார்.

11.10.1984 வியாழக்கிழமை மத்தியானம் சுங்கை பட்டாணியில் பெரிய இடியும் மழையும். கரண்டு போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. அந்த நேரம் அவர்கள் இருவரும் கருவாடு வாங்க தஞ்சோங் டாவாய் போயிருந்தார்களாம்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் சுமார் பத்து மணிக்குப் போனேன். கூடத்துக் கம்பளம் வேலியில் தொங்கியது. ரேடியோகிராம் பெட்டியின் அடிப்பலகை ஊதிப் போயிருந்தது. மேல் தொட்டியில் நான்கு அங்குலத் தண்ணீர்தான் இருந்தது. பதினொரு மீனில் நான்கு செத்துவிட்டன, மற்றவை பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கிராணி ஐயா கத்தத் தொடங்கிவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பார் நீ செய்த வேலையை! பொத்தல் குழாயைப் பூட்டிப்போட்டுப் போயிருக்கிறாய். சுவர் முழுக்கத் தண்ணி அடிச்சுது. நான்தான் ஒட்டுப்பால் வைச்சு அடைச்சனான். அடைச்சும் இந்தக் கோலம்!"

போய்ப் பார்த்தேன். நான் போட்ட ஓட்டையில் ஒட்டுப்பால் உருண்டை ஒன்று திணித்திருந்தது. ரப்பர் மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால்தான் ஒட்டுப்பால். தோட்டத்தில் எது ஒழுகினாலும் அதைத்தான் வைத்து அடைப்போம். வாளி, கூரைத் தகரம், சைக்கிள் டியூப், எல்லாவற்றுக்கும் அதுதான். இவரும் முப்பது வருடம் தோட்டத்தில் இருந்தவர். மேல் தொட்டியில் தண்ணீர் வற்றியிருக்கிறது, சொன்னபடி ஊற்றவில்லை, ஓட்டையில் தண்ணீர் பீச்சியிருக்கிறது, பார்த்ததும் கை தானாக ஒட்டுப்பாலுக்குப் போயிருக்கிறது. அதுவரைக்கும் எனக்குக் கோபம் இல்லை. யாருக்கும் வருகிற தவறு.

நான் பொறுமையாகத்தான் இருந்தேன். ஆணியால் ஒட்டுப்பாலைக் குத்தி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு ரப்பர் குழாய் பிடித்து இரண்டு தொட்டியிலும் பழைய மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை ஓட விட்டு, சுவிட்சை அணைத்தேன். கீழே சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. மறுபடி மோட்டாரை ஓட விட்டு, இந்தத் தடவை ஓட்டையை என் விரலால் அடைத்துக்கொண்டு அணைத்தேன். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டியது, விளிம்புக்கு வந்தது, தரையில் வழிந்தது. விரலை எடுத்தேன். உர்ர் என்று ஒரு சத்தம், உடனே நின்றுவிட்டது. சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்கும்.

பாலாம்பிகை அம்மா, "இஞ்சேருங்கோ, அந்தத் தம்பி அடைக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுத்தானே போனது" என்றார். கிராணி ஐயா, "நீ உள்ளுக்குப் போ" என்றார். அம்மா உள்ளே போய்விட்டார். சார்ஜன் இந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணவர் பக்கத்தில் இல்லாதபோது விசாரிக்க வேண்டும்.

அதன் பிறகு கிராணி ஐயா மேசையிலிருந்து டைப் அடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். என் கவனக்குறைவால் குழாயில் பழுது ஏற்பட்டதாகவும் அதற்கு நான் மன்னிப்புக் கேட்பதாகவும் அதில் இருந்தது. நான் வருவதற்கு முன்பே அடித்து வைத்தது. கையெழுத்துப் போடாவிட்டால் லைசென்ஸ் கொடுத்த ஆபீசுக்கு எழுதுவேன் என்றார். "ஐயா, இப்பத்தானே கண்ணால பாத்தீங்க? நீங்கதானே அடைச்சேன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்னார்: "நான் அதைத் தொடவே இல்லை. ஒட்டுப்பால் என்ர வீட்டில ஏன் இருக்கப் போகுது? அது உங்கட ஆக்களிட்டத்தான் இருக்கும்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இது வழக்குக்குத் தேவையில்லை என்று சார்ஜன் சொன்னார். எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பால் நிறுக்கும் ஸ்டோரில், என் அப்பாவுடைய வாளியின் அடியில் ஒரு ஓட்டைக்கு ஒட்டுப்பால் வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, இதே கிராணி அத்தனை பேர் முன்னால் வாளியைக் காலால் எத்திவிட்டார். அன்றைய பால் முழுவதும் சிமெண்டில் ஓடியது. அப்பா குனிந்து கையால் வழித்து அள்ளினார். நான் பக்கத்தில் நின்றேன். ஒட்டுப்பாலால் ஓட்டை அடைக்கிற வித்தையை இந்த ஆள் எங்கே கற்றார் என்று கேட்கிறீர்களா? என் அப்பா வாளியில்தான் கற்றார். இப்போது அது பால் வெட்டுகிற எங்கள் ஆட்களிடம்தான் இருக்குமாம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போது சொல்லும்போதும் எரிகிறது.

அதன் பிறகு நான் செய்தவை. மோட்டார் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அவர்கள் வீட்டு வாளியில் தண்ணீர் எடுத்து, உயிரோடிருந்த ஏழு மீனையும் ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து அதில் விட்டேன். இரண்டு மீன் நழுவி நழுவிப் போயின, அவற்றுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் தொட்டியைச் சுத்தம் செய்யப் போகிறேன் என்று கிராணி ஐயா நினைத்திருக்கலாம், தடுக்கவில்லை. வாளியைக் கொண்டுபோய்க் குசினி வாசலில் அம்மா கையில் கொடுத்தேன். திரும்பி வந்து முன்கண்ணாடியில் ஒரே அடி. அந்தத் தண்ணீர் முழுவதும் கூடத்தில் ஓடியது. கிராணி ஐயா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோபாவில் ஏறி நின்றார். ஆக, வியாழக்கிழமை நனைந்தது அவரால், வெள்ளிக்கிழமை நனைந்தது என்னால். இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் அவரைத் தொடவில்லை. கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை.

சார்ஜன் கேட்டதற்கு: ஆமாம், உடைத்தது குற்றம் என்று எனக்குத் தெரியும். வருத்தமா என்றால், கண்ணாடிக்காக வருத்தமில்லை. அம்மாதான் இன்று அந்தக் கூடத்தைத் துடைத்திருப்பார், அதற்காக வருத்தம்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் புகாரை வாபஸ் வாங்குவதாகக் கிராணி ஐயா சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று சார்ஜன் இன்று காலை எனக்குத் தெரிவித்தார். போட மாட்டேன். கோர்ட்டு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். புதுத் தொட்டியும் என் கையாலேயே செய்து கொடுக்கிறேன். ஆனால் அதிலும் ஏற்றும் குழாயில் அதே இடத்தில் அதே ஓட்டையைப் போடுவேன். என் சட்டைப் பையிலிருந்த ஒட்டுப்பாலைச் சார்ஜனிடம் ஒப்படைத்திருக்கிறேன். என் விரல் நுனி அளவுதான் இருக்கும், தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜன் இதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். என் அப்பா வாளி விஷயம் உட்பட எதுவும் விடுபடவில்லை. இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி. அந்தக் கடிதத்தில் போட மறுத்த கையெழுத்தை இதில் போடுகிறேன்.

(ஒப்பம்) ம. இஞ்ஞாசிமுத்து

எழுதியவர்: சார்ஜன் ரமணி
சாட்சிப்பொருள்: ஒட்டுப்பால் உருண்டை, ஒன்று.