கொடுவாவைப் பிடித்தவன்

நான் பொதுவாகச் சனி ஞாயிறுகளில் கடையைப் பூட்டுவதில்லை, ஐயா. வீடு கட்டுகிறவர்கள் ஆணியும் கம்பியும் வாங்க வருவதே அந்த இரண்டு நாட்களில்தான். பாக்கியரத்தினம் ஒஸ்லோவிலிருந்து வந்து, "மச்சான், மூண்டு பேரும் பழையபடி முகத்துவாரத்துக்குப் போய் நிண்டு மீன் பிடிப்பம்" என்று கேட்டபடியால் பூட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். மூன்றாவது ஆள் கிண்ணியா தாஹிர். கூப்பிட்டால் மறுக்கத் தெரியாத நல்ல மனிதன். அதாவது, சொந்தப் புத்தி கொஞ்சம் குறைவு.

எங்கள் ஊர்க் கங்கை வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிற மணல்திட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோணிக்காரன் வெள்ளி பின்னேரம் எங்களை இறக்கிவிட்டுப் போனான். ஞாயிறு பின்னேரம்தான் திரும்பி வருவான். அங்கே இடுப்பளவு தண்ணீரில் கனதூரம் நடக்கலாம். பிறகு ஒரே அடியில் ஆழம். கப்பல் போகிற ஆழம். அந்த விளிம்பில் மீனவர்கள் ஒரு கம்பை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். இறங்கியதுமே தாஹிர் அதைக் காட்டினான்.

"பாக்கியம், அந்தத் துணி வரைக்கும்தான் போகலாம். அங்கால போகப்படாது, கேட்டியா?"

"ஓம் ஓம்" என்று பாக்கியம் பையைத் திறந்தான்.

அந்தப் பைக்குள் இருந்தவற்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தூண்டிலில் இரைக்குப் பதிலாக மாட்ட, கோழி இறகில் நூல் சுற்றிச் செய்த பொய் ஈக்கள், பெட்டி பெட்டியாக. கால்சட்டை போல மாட்டினால் நெஞ்சு வரை வருகிற ரப்பர் களுசான், அதற்குப் பட்டி வேறு. எங்கள் கடல் சுடுதண்ணீர் மாதிரி இருக்கும். அதற்குள் நனையாமல் நிற்க ஒருவன் ஒஸ்லோவிலிருந்து களுசான் சுமந்து வந்திருந்தான். சனி காலை முழுவதும் தண்ணீரில் நின்று தூண்டில் நூலால் ஆகாயத்துக்குச் சவுக்கடி கொடுத்தான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இவன் காற்றுப் பிழை என்றான், தண்ணீர் கலங்கல் என்றான். கடைசியில் உள்ளங்கையளவு மீன் ஒன்று மாட்டியது. அதற்கு முத்தம் கொடுத்துத் திரும்ப விட்டான். பிடித்த மீனை விடுவதுதான் நாகரிகமாம். அப்படியென்றால் வீட்டிலேயே இருப்பது அதைவிட நாகரிகம் அல்லவா? நான் அதைச் சொல்லவில்லை. நான் அதிகம் கதைக்கிறவன் அல்ல.

மத்தியானம் என் தூண்டிலில் ஒரு கொடுவா எடுத்தது. வெறும் தங்கூசி நூல், உயிர் இறால், அவ்வளவுதான். முப்பது வருடமாக அந்த முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறேன். அப்படியொரு மீன் எனக்கு வந்ததில்லை. இரண்டு உள்ளங்கையும் கிழிந்துதான் அதைக் கரைக்கு எடுத்தேன். தாஹிர் சின்னப்பிள்ளை போலத் துள்ளினான்.

"தா மச்சான், ஒரு படம் எடுப்பம்" என்று பாக்கியம் மீனை வாங்கினான். கைபேசியைத் தாஹிரிடம் கொடுத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு தண்ணீரில் முழங்காலிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல மீனை முன்னும் பின்னும் ஆட்டி, விட்டுவிட்டான்.

"முட்டைக்காரி மச்சான், வாழட்டும். உனக்கு நான் டவுணில ஒரு டின் மீன் வாங்கித் தாறன்."

தாஹிர் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மீனுக்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நான் அவ்வளவு சின்ன மனிதன் அல்ல. ஓர் இடத்தை மதிக்கத் தெரியாதவன் அந்த இடத்தில் நடமாடக் கூடாது. என் எண்ணம் அவ்வளவுதான். நிதானமாக யோசித்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன்.

பொழுதுபடுகிற நேரம் தாஹிர் மஃரிப் தொழுதுகொண்டிருந்தான். பாக்கியம் கூடாரத்துக்குள் கிடந்து மனைவிக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். நான் கால் கழுவப் போகிறவன் போலத் தண்ணீருக்குள் நடந்துபோய்க் கம்பைப் பிடுங்கி வந்தேன். துணியை மணலில் புதைத்தேன். கம்பின் அடிப்பாதி ஈரம்; மேல்பாதி நன்றாகக் காய்ந்திருந்தது. ஞாயிறு காலைத் தேநீர் அதில்தான் கொதித்தது. பாக்கியம் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, கடற்கரைத் தேநீருக்குத் தனி உருசி என்றான்.

பிறகு களுசானை மாட்டிக்கொண்டு இறங்கினான். தாஹிர் கரையில் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கொஞ்சத் தூரம் போனதும் பாக்கியம் திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

"மச்சான், கம்பைக் காணேல்லயே. இன்னும் போகலாமோ?"

"இன்னும் தூரம் கிடக்கு, போ" என்றேன்.

போனான். என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. களுசானுக்குள் தண்ணீர் புகுந்தால் நீச்சல்காரனுக்கும் எழும்ப ஏலாது. அவனுக்கு நீச்சலும் வராது. கை ஒன்று இரண்டு தரம் தெரிந்தது, பிறகு தொப்பி மட்டும் மிதந்தது. தாஹிர் அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். நான் அவன் இடுப்பை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் என் முகத்தில் அடித்தான், கடித்தான். நான் பிடியை விடவில்லை. ஓர் உயிரையாவது காப்பாற்றினேன் என்று உங்கள் பொலிஸ் ஆட்களே என் முதுகில் தட்டினார்கள். கம்பு காற்றில் போயிருக்கும் என்று தாங்களாகவே முடிவு கட்டினார்கள். கெட்டிக்காரர்கள்.

செத்தவீட்டில் கதிரை அடுக்கினேன், பாடை தூக்கினேன். எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குத்தான் அந்தப் பதாகையைக் கட்டினார்கள், என் கடைக்கு நேர் எதிரே. கண்ணீர் அஞ்சலி. பாக்கியம் பல்லைக் காட்டிக்கொண்டு கொடுவாவை ஏந்தி நிற்கிறான். கீழே, "தன் கையால் பிடித்த கடைசி மீனுடன்" என்று பெரிய எழுத்து. வருகிற போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். ஆணி வாங்க வந்த ஒருவர் என்னிடமே, "மனுசன் லேசுப்பட்ட ஆளில்லைப் போல, எவ்வளவு பெரிய கொடுவா" என்றார். மீதிக் காசை இரண்டு தரம் பிழையாக எண்ணிக் கொடுத்தேன். தாஹிரைப் பிடித்து, உண்மையைப் பாக்கியத்தின் வீட்டுக்காரருக்குச் சொல்லு என்றேன். படம் எடுத்தவன் அவன்தானே.

"மௌத்தாப் போனவனோட என்ன போட்டி மச்சான்? விடு" என்றான்.

அதனால்தான் நானே வந்தேன். பாக்கியரத்தினத்தைக் கொன்றது நான். கம்பைப் பிடுங்கியதையும், போகச் சொன்னதையும், தாஹிரைப் பிடித்துவைத்ததையும் உங்களுக்குப் பிடித்த மாதிரி எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையொப்பம் வைக்கிறேன். ஆனால் அந்த மீனைப் பிடித்தது நான் என்பதை முதலில் எழுதுங்கள், ஐயா. எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.