ராக்கு, ஊத்தவா?

ரோடு வராத காலம், பஸ்ஸு வராத காலம். கிழக்குச் சீமையில ஓலைக்குறிச்சி, ஓலைக்குறிச்சின்னு ஒரு ஊரு. ஊரைச் சுத்திப் பனை, பனைக்கு அங்கிட்டுப் பொட்டல். அந்த ஊர்ல ராக்கு, ராக்குன்னு ஒரு பொம்பள இருந்தாளாம். எங்க வழிக்கு அவதான் மூத்தவன்னு சொல்வாங்க.

ராக்கு வாழ வந்தவ. வாய் அதிர்ந்து பேச மாட்டா. பக்கத்துல நிக்கிறவளுக்கே அவ பேசுறது பாதிதான் கேக்குமாம். புருசன் பஞ்சத்துல தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனவன், போனவன்தான். வீட்டுல அவளும் அவ மக செவந்தியும். செவந்திக்கு ஆறு வயசு.

மூணு வருசம் மழை இல்ல. ஊருணி காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுப்போச்சு. ஊருணி நடுவுல ஊத்துத் தோண்டி, வீட்டுக்கு ரெண்டு குடம், அதுக்கு மேல ஒரு சிரட்டைத் தண்ணிகூடக் கெடையாதுன்னு அம்பலம் கட்டு வச்சிட்டாராம். அம்பலம்னா ஊருக்குப் பெரியவர். அவர் சொன்னா சொன்னதுதான்.

அந்தப் பஞ்சத்துல செவந்திக்குக் கண்ணு மங்கிப்போச்சு. பகல்ல ஓடும், ஆடும். பொழுது சாஞ்சா சுவரைத் தடவும். ராக்கு விரலை நேரா நீட்டி, "இது எத்தனடி?"ன்னு கேப்பா. "எங்க ஆத்தா காட்டுற?"ன்னு கேக்குமாம் பிள்ள.

கண்ணு மருந்து போடுற கிழவர் வந்து இமையைத் தூக்கிப் பாத்தார். "மாலைக்கண்ணு தாயி. தெனம் ஒரு பிடி பச்சைக் கீரை உள்ள போகணும். விட்டுட்டா பகலும் போயிரும்"னு சொல்லிட்டுப் போயிட்டாராம்.

கீரைக்கு எங்க போவா? ஆடு மாடே காஞ்ச ஓலையை மெல்லுற காலம்.

ராக்கு என்ன செஞ்சா? கொல்லையில ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்தினா. குயவர் சூளையில சரியா வேகலைன்னு தள்ளிப்போட்ட பானை மூணு கேட்டு வாங்கியாந்தா. வேகாத பானை தண்ணி கசியும்ல? அதைக் கழுத்தளவு மண்ணுல பொதைச்சா. சுத்தி முளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் போட்டா. பானைக்குள்ள தண்ணி ஊத்தி ஓட்டால மூடிட்டா. மேல ஊத்தினா வெயில் குடிச்சிரும். உள்ள ஊத்தினா வேரு மட்டும் குடிக்கும். மேக்கால பனையோலைத் தட்டி கட்டி வெயிலை மறிச்சா.

தண்ணிக்கு? கஞ்சி காச்ச, பிள்ள குடிக்க எடுத்து வச்சது போக, தன் பங்கைப் பானையில ஊத்திருவா. நாக்கு ஒட்டிக்கிட்டா ஒரு புளியங்கொட்டையை வாயில ஒதுக்கிக்குவாளாம்.

கீரை வந்துச்சு. ஊரே காவி நெறமாக் கெடக்கையில ராக்கு கொல்லை மட்டும் பச்சை. தெனம் ஒரு பிடி, தெனம் ஒரு பிடி. நாப்பது நாள் ஆச்சாம். ஒரு நாள் பொழுது சாயுற நேரம் விரலைக் காட்டினா. "ரெண்டு"ன்னுச்சு பிள்ள. "இப்ப?" "நாலு. ஏன் ஆத்தா அழுவுற?"

ஊரு பாக்காம இருக்குமா? பக்கத்து வீட்டு மங்காயி வேலிக்கு மேல எட்டிப் பாத்தா. "நமக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, இவளுக்குக் கீரைக்குத் தண்ணி! ஊமை மாதிரி இருந்துக்கிட்டு ஊருணி ஊத்தை எறைக்கிறா பாருங்கடி"ன்னா. அது தெருத் தெருவாப் போயி அம்பலம் காதுக்கும் போச்சு.

வந்துட்டாங்க. நல்ல உச்சி வெயில். மண்ணுல கால் வைக்க முடியல. முன்னால அம்பலம், பின்னால ஊரு.

"ஏத்தா ராக்கு, ஏது தண்ணி?"

ராக்கு முந்தியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத் தலை குனிஞ்சு நின்னா. என்னமோ சொன்னா. உதடு அசைஞ்சது தெரிஞ்சுச்சாம், சத்தம் வரல.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு ஒருத்தன் சிரிச்சான்.

மம்பட்டியைப் போட்டாங்க. மொத வெட்டுலயே ஓடு தட்டுச்சு. பானை! உள்ள தண்ணி! "பாத்தியளா, களவாண்ட தண்ணியப் பொதைச்சு வச்சிருக்கா!" அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கை. கீரையை வேரோட பிடுங்கி வேலியோரம் வீசிட்டாங்க.

அப்ப செவந்தி அம்பலம் வேட்டியைப் பிடிச்சு இழுத்துச்சாம். "ஐயா, அது களவாண்ட தண்ணி இல்ல. அது எங்க ஆத்தா குடிக்கிற தண்ணி."

"என்னத்தா சொல்ற?"

"ஆத்தா குடிக்காது. கீரை குடிக்கும். கீரையை நான் திங்கணும். அப்பத்தான் எனக்குக் கண்ணு தெரியும்."

அம்பலம் அப்பத்தான் ராக்கு மொகத்தைப் பாத்தார். உதடு பாளமா வெடிச்சு ரத்தம் காஞ்சு கெடந்துச்சாம்.

மனுசன் தலையில அடிச்சுக்கிட்டார். "அடப் பாவிகளா! நட்டு வைங்க! பிடுங்கினதை எல்லாம் திரும்ப நட்டு வைங்க! இன்னைக்கு எல்லா வீட்டுத் தண்ணியும் இவ கொல்லைக்கு!"

பிடுங்கின கையாலேயே நட்டுட்டு ஊரு தண்ணிக்கு ஓடுச்சு. கெட்ட ஊரு இல்ல அது. மொதல்ல ஓடுனது மங்காயிதானாம். தன் பிள்ளைகளுக்கு வச்சிருந்த குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்தா.

ராக்கு பதறிப்போயி குறுக்க வந்தா. "வேணாம்... இப்ப வேணாம்... வெயில் தாழட்டும்... வேரை நெழல்ல ஈரத்துணி சுத்தி வச்சு..."

கேக்கலையே! ஆளாளுக்கு அழுவுறாங்க. ஆளாளுக்கு "பொறுத்துக்க தாயி, பொறுத்துக்க தாயி"ங்கிறாங்க. ராக்கு மங்காயி கையைப் பிடிச்சா. மங்காயி அந்தக் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டு மிச்சத் தண்ணியையும் ஊத்தினா.

கொதிக்கிற மண்ணு. அதுல குடம் குடமாத் தண்ணி. நெல்லு அவிக்கிற அண்டா மாதிரி ஆவி கெளம்புச்சாம். பிடுங்கி நட்ட வேரு அதுல வெந்துபோச்சு. பொழுது சாயப் பாத்தா, ஒரு பாய் அகலத்துக்கு அவிச்ச கீரை. வெதைக்குன்னு விட்டிருந்த செடியும் அதுலதான் போச்சு.

அதுக்கப்பறம் ஊரே தண்ணி குடுத்துச்சு. வெதை தேடி நாலு ஊருக்கு நடந்தாங்க. வெதை கெடைச்சு, மொளைச்சு, ஒரு பிடி ஆகுறதுக்குள்ள ஆடி வந்துருச்சு. ஆடியில ஒரு நாள் செவந்தி எந்திரிச்சு ஒக்காந்து, "ஆத்தா, இன்னும் விடியலையா?"ன்னு கேட்டுச்சாம். வெயில் வாசல்ல விழுந்து கெடந்துச்சு.

செவந்தி வளந்தா, கல்யாணம் கட்டினா, பிள்ளை குட்டி பெத்தா. அவ வழிதான் நாங்க. ராக்கு சாகுற வரைக்கும் ஊரை ஒரு சொல்லு சொன்னதில்லையாம். அதுதான் ஊருக்குப் பொறுக்கல.

ஓலைக்குறிச்சியில இன்னைக்கும் உச்சி வெயில்ல எவளும் செடிகிட்டப் போக மாட்டா. வெயில் தாழ்ந்த பெறகு குடத்தைத் தூக்கிட்டுப் போயி, பாத்தியோரம் நின்னு, "ராக்கு, ஊத்தவா?"ன்னு கேப்பா. சொந்தக் கொல்லையா இருந்தாலும் கேக்கணும். கேட்ட ஒடனே ஊத்தவும் கூடாது. வளையல் சத்தம்கூட வராம கொஞ்ச நேரம் நிக்கணும். அவ குரல் சன்னம். காது குடுத்தாத்தான் கேக்கும்.