போலிஷ்காரரின்ரை ரெண்டாவது

சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இரு, றோய். தேத்தண்ணி ஊத்தமாட்டன். வந்த விஷயத்தை முடிச்சிட்டு உடனை ஓடுற ஆள்தானே நீ.

அஜக்ஸிலை இருக்கிற என்ரை மோன் ஜூலியஸ்தானே உன்னை அனுப்பினவன். ஓம், ஓம், தலையைச் சொறியாதை. அப்பா தமிழ்ப் பூசைக்கு வாறேல்ல, போலிஷ்காரரின்ரை மாதா கோயிலுக்குப் போறார், என்னெண்டு பார். அதுதானே? அவனுக்கு ஃபோர் ஓ வன் ஹைவேயிலை ட்ராஃபிக். உனக்கு மட்டும் ஸ்ரௌவ்வில்லிலையிருந்து றோட்டு வெறுமை.

போலிஷ் பாசையோ? கொஞ்சம் விளங்கும். எண்ணப் பழகினனான். சிரி, நல்லாச் சிரி. எழுபத்தினாலு வயசிலை அரிவரி.

நீ கோயில் கமிட்டிச் செயலாளர்தானே, சொல்லு பாப்பம். அவையள் ஒண்டுக்கு யெடென் எண்டுவினம். முதலாவதுக்கு? பியர்வ்ஷி. ஒட்டுமில்லை, உறவுமில்லை. என்ன விசர்ப் பாசையெண்டு நானும் கேட்டனான். பாத்தா, எங்கட ஒண்டுக்கும் முதலுக்கும் மட்டும் என்ன உறவு? இவ்வளவு வருசம் கதைச்சும் நான் யோசிக்கேல்ல. நீ யோசிச்சிருக்கவே மாட்டாய். முன்னுக்கு நிக்கிறது எண்டதிலை பிறந்த சொல்லாம் அந்தப் பியர்வ்ஷி. சமஸ்கிருதத்துப் பூர்வம் அதுக்குச் சொந்தக்காரனாம்.

ரெண்டு, ட்வா. ரெண்டாவது, டுரூகி. அதுவும் ரெண்டிலை பிறக்கேல்ல. ஆதியிலை அதுக்குக் கூட்டாளி, கூட வாற ஆள் எண்டுதான் கருத்து. பிறகு மற்ற ஆள். அதுக்கும் பிறகுதான் ரெண்டாவது. ரஷ்யக்காரன் இண்டைக்கும் சிநேகிதனுக்கு அந்தச் சொல்லைத்தான் வைச்சிருக்கிறான்.

மூண்டாவது என்ரை கட்டுப்பல்லுக்கை அம்பிடாது. ஆனா அது மூண்டிலையிருந்துதான் வந்தது. அங்கை போய்த்தான் அவங்களுக்குப் புத்தி வந்திருக்கு.

ஆர் சொல்லித் தந்ததோ? ஹலீனா. ரெண்டு மாடி கீழை இருக்கிறா. போலந்திலை பாசை படிப்பிச்ச ரீச்சர். புருசன் போய் ஒன்பது வருசம். என்ரை மனுசி பேபி போய் ஆறு. கீழை உடுப்புத் தோய்க்கிற லோண்ட்றியிலைதான் பழக்கம்.

எனக்கேன் உந்த முதலாவது ரெண்டாவதோ? கலியாணத்துக்கு முன்னம் மூண்டு ஞாயிறு பூசையிலை பேர் சொல்லி ஓலை வாசிக்கிறதை மறந்துபோனியே? மறுப்பிருந்தா சாமியிட்டைச் சொல்லச் சொல்லி. அங்கையும் உதுதான் முறை. எத்தினையாவது தரம் வாசிக்கினமெண்டு விளங்காமல் நான் முழிச்சுக்கொண்டு இருக்கேலுமே? என்ரை பேரெல்லோ வாசிக்கினம். அமிர்தநாதர் எண்டதை அந்தச் சாமி மூண்டு கிழமையும் மூண்டு விதமாக் கொலை செய்தார்.

போனை உள்ளுக்கை வை. ஜூலியசுக்குத் தெரியும். முதலாம் ஓலைக்கு முன்னமே சொன்னனான். சனம் சிரிக்கும் எண்டுபோட்டுப் போனை வைச்சிட்டான். உனக்கு அதைச் சொல்லேல்லையே? வெக்கம். மறுப்பெண்டா அங்கை வந்து எழும்பிச் சொல்லியிருக்கலாம். பார்க்கிங்கும் ஃப்ரீ. மூண்டு ஞாயிறும் திரும்பித் திரும்பிப் பாத்தனான். எங்கடை ஆக்கள் ஒரு குஞ்சும் இல்லை.

போன கிழமை மூண்டாவதும் முடிஞ்சுது. வாற சனி, காலமை பத்து மணி.

சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். முதலாவது ஹலீனாவின்ரை தங்கச்சி.

என்ன பாக்கிறாய்? நல்ல கோட் ஒண்டு வைச்சிருக்கிறாய்தானே?

இரு. தேத்தண்ணி ஊத்துறன்.