மூணாம் அத்தியாயத்துக்கு அப்புறம்

— மெதுவாப் பேசுடா. அப்பாவுக்குக் கண்ணுலதான் கட்டு, காதுல இல்ல.

— நான் எங்கக்கா கத்தினேன்? நீதான் பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைக்கிறே.

— உடைக்காம? நேத்து நீ கடையைப் பூட்டிட்டு வர லேட்டாச்சு. 'தம்பியைக் காணோம், நீ கொஞ்சம் படி பாப்பா'ன்னாரு. சரின்னு இந்த போனை எடுத்தேன். விரலால தள்ளினேன், தள்ளினேன், தள்ளிக்கிட்டே இருந்தேன். மூணாம் அத்தியாயத்தோட நின்னு போச்சு. 'மாதிரிப் பகுதி இத்துடன் நிறைவடைந்தது'ன்னு வருது.

— ஆமா.

— என்ன ஆமா? கண் ஆபரேஷன் முடிஞ்சு, குப்புறவே படுத்திருக்கணும்னு சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பின மறுநாள்லேர்ந்து தினமும் பக்கத்துல உக்காந்து படிக்கிறே. மூணு அத்தியாயம் மூணு நாளைக்கு வந்திருக்கும். அப்புறம் எதைடா படிச்சே?

— அதாவது என்னன்னா...

— நீ 'அதாவது என்னன்னா'ன்னு ஆரம்பிச்சாலே பின்னாடி ஒரு வில்லங்கம் வருது.

— முழுப் புத்தகம்னு நெனச்சுத்தான்கா ஆரம்பிச்சேன். இலவசம்னு பெரிசாப் போட்டிருந்துச்சு. மாதிரி மட்டும்தான் இலவசம்னு பொடி எழுத்துல போட்டிருக்கான். கப்பல்ல சமையல்காரன் குளிர் அறைக்குள்ள செத்துக் கிடக்கறான், கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு, அந்த இடத்துல 'முழுப் புத்தகத்தையும் வாங்க இங்கே தொடவும்'னு வந்துச்சு.

— தொட வேண்டியதுதானே?

— தொட்டேன். 'இந்தப் புத்தகம் தற்போது விற்பனையில் இல்லை'ன்னு வந்துச்சு.

— அதை அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?

— சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் 'ம், மேல படி'ன்னார். நானும் மேல படிச்சேன்.

— இல்லாததை.

— ஆமா.

— கடவுளே. அவருக்குச் சந்தேகமே வரலையா?

— எப்படி வரும்? அச்சுப் புத்தகமா இருந்தா இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவுன்னு தொட்டுப் பார்த்திருப்பார். இது ஒரு பக்கம் இருந்தாலும் ஆயிரம் பக்கம் இருந்தாலும் அதே கனம்தான்.

— இந்தக் கண்ணாடி வேற பாதி உடைஞ்சு கிடக்கு. ஊருக்கெல்லாம் போனுக்குக் கண்ணாடி மாத்திக் குடுக்கறே, இதுக்கு ஒண்ணு மாத்தினா கை தேஞ்சிடுமா?

— யாரோ கடையில குடுத்துட்டு வாங்க வராமப் போன போன். சிம் கூடக் கிடையாது. படிக்கத்தானேன்னு அப்படியே விட்டுட்டேன். கீறல் விழுந்த இடத்துல தெரியாதுன்னு எழுத்தைப் பெரிசு பண்ணினேன், அதான் ஒரு பக்கத்துக்கு ஆறு வரி. 'அவன் கதவை'ன்னு ஒரு பக்கம் முடியும், 'திறந்தான்'னு அடுத்த பக்கம் ஆரம்பிக்கும்.

— உன் பெருமையை நிறுத்து. இப்ப வாசிச்சதெல்லாம் கட்டுக்கதைன்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா? ஆயுசு பூரா இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடுத்தவன் பொய்யைப் பிடிச்சுச் சம்பளம் வாங்கின மனுஷன்டா அவரு. எரிஞ்சு போன கடைக்குள்ள நுழைஞ்சாப் போதும், 'இது நீங்களா வச்ச தீ'ன்னு முதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு.

— தெரியும்.

— தெரிஞ்சுமா? அவரு கெஞ்சி வாங்கிக் குடுத்த வேலையை விட்டுட்டு, விட்டதைச் சொல்லாம, தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போய் பார்க்ல உக்காந்திருந்தே. ஊரெல்லாம் தெரிஞ்ச பிறகு கடைசியா அவருக்குத் தெரிஞ்சுது. மனுஷன் எப்படிக் கூனிக் குறுகிப் போனாரு!

— 'இன்னொரு பொய் சொன்னா அதோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல'ன்னார். மறக்கலைக்கா. அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா அவர் என்கிட்ட பேசின மொத்தப் பேச்சையும் ஒரு தீப்பெட்டியில அடைச்சிடலாம். 'லைட்டை அணை.' 'கேட்டைச் சாத்து.' இப்பதான் 'மேல படி'ங்கறார். 'அப்புறம் என்ன ஆச்சு?'ங்கறார். என்னைப் பார்த்து அவர் அப்படி என்னைக்காவது கேட்டிருக்காரா?

— உன்னைப் பார்த்து எங்க கேட்டாரு? தரையைப் பார்த்துக் கேட்டாரு.

— அதுவும் சரிதான்.

— நாளையோட அதுவும் முடியுது. நாளைக்குத்தான் நிமிர்ந்து உக்காரலாம், நல்ல கண்ணால படிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காராம். எழுந்து உக்காந்ததும் முதல் வேலையா இந்த போனைத்தான் கேக்கப் போறாரு. 'குளிர் அறைச் சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு ரெண்டாவது அத்தியாயத்தை நானே ஒரு தடவை பார்க்கணும்'னு நேத்தே சொல்லிட்டாரு. கஞ்சி குடிக்கற ஸ்ட்ராவை வாயிலேர்ந்து எடுத்துட்டு, 'எனக்குக் கேப்டன் மேல சந்தேகமில்ல பாப்பா'ங்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல?

— அப்ப நல்லாத்தான் போகுது.

— செருப்பால அடிப்பேன்.

— சரி, நேத்து நீ என்ன பண்ணே? மூணாம் அத்தியாயத்தோட முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டியா?

— எங்க சொல்ல விட்டாரு? 'இன்ஜினியர் பொண்டாட்டி தகரப் பெட்டியைத் திறக்கப் போனா, அதிலேர்ந்து படி'ங்கறாரு. எந்த இன்ஜினியர்? எந்தப் பொண்டாட்டி? இருக்கற மூணு அத்தியாயத்துலயும் அந்தக் கப்பல்ல பொம்பளையே கிடையாது!

— நான்தான் ஏத்தினேன். நடுவுல ஒரு துறைமுகத்துல நிறுத்தி.

— நல்லா ஏத்தினே.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, நானும் படிச்சேன்.

— நீயுமா!

— பின்ன? அந்த மனுஷன் முகத்தை வளையத் தலையணைக்குள்ள புதைச்சுக்கிட்டு, காதைத் தீட்டி வச்சுக்கிட்டுக் கிடக்கறாரு. 'பெட்டியைத் திறந்தாள்'னேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்? 'உள்ளே ஒன்றுமே இல்லை'ன்னுட்டேன். அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கற வாசனை வந்துச்சு. அவளைக் கொன்னுட்டேன்.

— யாரை?

— அந்தப் பொண்டாட்டியைத்தான். கப்பல் ஆடிச்சு, கால் வழுக்கிச்சு, கடல்ல விழுந்தா. முடிஞ்சுது. நான் பாலை இறக்கப் போயிட்டேன்.

— அக்கா. அவதான் கொலைகாரி.

— என்னது?

— எவ்வளவு நாளா அவளைப் பொத்திப் பொத்திக் கொண்டு வந்துட்டிருக்கேன். சந்தேகமெல்லாம் கேப்டன் மேல போற மாதிரி வச்சு, இன்னைக்கு அவளைப் பிடிக்கலாம்னு இருந்தேன். நீ ஒரு லிட்டர் பாலுக்காக அவளைக் கடல்ல தள்ளிட்டே.

— எனக்கெப்படிடா தெரியும்? அவ நெத்தியில எழுதி ஒட்டியிருந்தியா?

— பிணம் கிடைச்சுதா?

— 'தேடினார்கள், கிடைக்கவில்லை'ன்னேன்.

— அப்பாடா. வயித்துல பாலை வார்த்தே. நீந்திக் கரை சேர்ந்துட்டான்னு வச்சுக்கலாம்.

— நடுக்கடல்லயா?

— பக்கத்துல ஒரு கலங்கரை விளக்கம் வச்சுடறேன்.

— கதையை எப்படியோ முடிச்சுடுவே. நாளைக்கு போனைக் கேட்டா? பேசாம அதைத் தண்ணி வாளியில போட்டுடு. 'கை தவறிடுச்சு'ன்னு சொல்லிக்கலாம்.

— அது இன்னொரு பொய்க்கா. வேண்டாம். இன்னைக்குக் கதையை முடிச்சுட்டு நானே சொல்லிடறேன். கேக்கறதைக் கேக்கட்டும்.

— சொல்லிட்டு மறுபடி ரெண்டு வருஷம் 'கேட்டைச் சாத்து'தான்.

— தெரியும். இந்த மூணு வாரம் கிடைச்சுதே. அது போதும்.

— அழுது தொலைக்காதே. எனக்கும் வரும். போ, போய் முடி. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும்னு கேக்கறேன். போன வாரம் நான் வண்டி நிறுத்த இடம் தேடி முடிக்கறதுக்குள்ள, அவரே தனியா உள்ள போய் டாக்டரைப் பார்த்துட்டு, 'இன்னும் ஒரு வாரம் குப்புறப் படுக்கணுமாம்'னு சொல்லிக்கிட்டு வெளிய வந்துட்டாரு. நேரம் என்னன்னு சொல்லவே இல்ல.

— டேய்! அடுப்படியில ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு? வந்து படி.

— வந்துட்டேன்பா. தலையணையைச் சரி பண்ணட்டுமா?

— வேண்டாம். முக்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போடு. ஒரே பக்கமாக் கிடந்து கழுத்து மரத்துப் போச்சு. ம். அந்தப் பொம்பளை நிஜமாவே செத்தாளா?

— படிக்கறேன். 'இருட்டில், அலைகளுக்கு அப்பால், கலங்கரை விளக்கத்தின் ஒளி சுழன்றது. அவள் அதை நோக்கி நீந்தினாள்.'

— குளிர்காலம்னு போட்டிருந்துதே. அந்தக் கனமான கோட்டோடயா நீந்தினா?

— 'கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நீந்தினாள்.'

— சரி. அப்புறம்?

— 'கரையில் கேப்டன் காத்திருந்தார். நீங்கள்தான் கொலை செய்தீர்கள் என்றார். அவள் சிரித்தாள். உள்பக்கம் தாழ் போட்ட அறையிலிருந்து நான் எப்படி வெளியே வந்திருக்க முடியும் என்று கேட்டாள்.'

— அதைத்தான் நானும் கேக்கறேன். எப்படி?

— 'தாழ்ப்பாளை மேலே தூக்கி, அடியில் ஒரு ஐஸ் கட்டியை வைத்தீர்கள். வெளியே வந்து கதவைச் சாத்தினீர்கள். ஐஸ் உருகியதும் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது.'

— நிறுத்து. குளிர் அறைக்குள்ள ஐஸ் எப்படிடா உருகும்?

— 'அன்று இரவு ஜெனரேட்டர் பழுதாகி மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. நிறுத்தியது உங்கள் கணவர்.'

— ஆதாரம்?

— 'வெண்ணெய். பெட்டியில் அடுக்கியிருந்த வெண்ணெய்க் கட்டிகள் உருகி, மறுபடியும் உறைந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.'

— அடடா! அதான் அன்னைக்கே வெண்ணெயைப் பத்தி ஒரு வரி வந்துது. இது எதுக்கு நடுவுலன்னு யோசிச்சேன். பலே. பெட்டி ஏன் காலியா இருந்துது?

— அது... 'அதிலிருந்த கள்ளச்சரக்கைச் சமையல்காரன் முன்பே எடுத்து மாவு மூட்டைக்குள் ஒளித்துவிட்டான். அதற்காகத்தான் அவனைக் கொன்றீர்கள்.' அவ்வளவுதான்பா. 'அவள் தலை குனிந்தாள். முற்றும்.'

— ம்.

— அப்பா, நான் ஒண்ணு சொல்லணும். இந்த போன்ல மூணாம் அத்தியாயத்துக்கு மேல ஒண்ணுமே இல்ல. இருந்தது மாதிரிப் பகுதி மட்டும்தான். மிச்சம் பூரா நானாச் சொன்னது. நேத்து மட்டும் அக்கா.

— நேத்தையது உன் கைவரிசை இல்லைன்னு கேட்டவுடனே தெரிஞ்சுது. நீ ஆளைக் கொல்ல இவ்வளவு அவசரப்பட மாட்டே.

— உங்களுக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து?

— நாலாம் நாள்லேர்ந்து. முதல் மூணு நாள் நீ கண்ட இடத்துல நிப்பே. 'அவன் கதவை'ம்பே. நிப்பே. கண்ணாடியில விரல் தேய்க்கிற சத்தம் கேக்கும். அப்புறம் 'திறந்தான்'ம்பே. எரிச்சலா இருக்கும். நாலாம் நாள் அந்தச் சத்தமே வரலை. வாக்கியம் முடியற இடத்துலதான் மூச்சே விட்டே. பக்கத்தைத் தள்ளாம ஒருத்தன் எதைடா படிப்பான்?

— அப்ப ஏன்பா அன்னைக்கே சொல்லலை? இன்னொரு பொய் சொன்னா ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே.

— சொன்னேன். அதுக்கு? குப்புறப் போட்டு வச்சிருக்கறவன் எழுந்து போகவா முடியும்? காதைக் கழட்டியா வைக்க முடியும்? வேற வழியில்லாமக் கேட்டேன்.

— நல்லா இருந்துச்சாப்பா?

— வெண்ணெய் பரவாயில்ல.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். முடியாமப் படுத்திருக்கறவன் ஏதோ பொழுது போகக் கேட்டதுக்கு மாலையா போடச் சொல்றே?

— இல்லப்பா. வெண்ணெயே போதும்.

— அப்பா, நர்ஸ் லைன்ல இருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

— வை பாப்பா போனை. நான் அப்புறம் பேசிக்கறேன்.

— எதுக்குப்பா அப்புறம்? ரெண்டு நிமிஷ வேலை. சிஸ்டர், அப்பாவை நாளைக்குக் கூட்டிட்டு வரணுமில்ல, எத்தனை மணிக்கு வரட்டும்?

— அம்மாடி, வைன்னு சொல்றேன்ல!

— நாளைக்கா? கொஞ்சம் இருங்கம்மா, பார்க்கறேன். நாளைக்கு அவருக்கு ஒண்ணும் இல்லையே. இனிமே குப்புறப் படுக்க வேண்டாம், தாராளமா எழுந்து நடமாடலாம், படிக்கலாம்னு டாக்டர் போன வாரமே சொல்லி அனுப்பிட்டாரே. ஏன், இன்னுமா படுத்திருக்காரு?