முகூர்த்தப் படகு சாய்ந்தது பற்றி மணமகன் சொன்னது

26-11-1991 செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நிலையத்தில் ஆஜரான, வல்லம் வடகால் கிராமம், பள்ளிக்கூடத் தெருவில் வசிக்கும் நாகப்பன் மகன் பகலவன், வயது 30, விசாரணையில் கூறியதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் தாயார் சரோஜாவுடன் குடியிருந்து வருகிறேன். தகப்பனார் உயிருடன் இல்லை. ஏழு வருடங்களாகச் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறேன். கப்பலின் அடித் தொட்டிகளில் கடல் தண்ணீரை நிரப்பியும் வெளியேற்றியும் கப்பலைச் சாயாமல் வைக்கும் பம்பு என் பொறுப்பில் உள்ளது. எனக்கும் அமலா என்பவருக்கும் 24-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் வல்லக்கோட்டை முருகன் கோவிலில் திருமணம் என்று நிச்சயமாகியிருந்தது.

அதற்கு முந்திய மூன்று நாள் மழையில் ஏரி நிரம்பி, கோவிலுக்குப் போகும் ரோட்டை அறுத்துவிட்டது. எனவே வெல்டிங் கடை கன்னியப்பன், மீன் குத்தகைக்காரருக்குத் தான் செய்து கொடுத்திருந்த இரும்புப் படகைக் கேட்டு வாங்கி வந்தார். அது இருபத்து நான்கு அடி நீளம், ஐந்தடி அகலம், அடிப்பாகம் தட்டை. பாட்டு தூரம் கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டுவதற்காக, அதில் சவுக்குக் கட்டை நட்டு ஆள் உயரத்துக்கு ஒரு பரண் கட்டினார்கள். ஒலிபெருக்கி வைத்திருக்கும் பாண்டுரங்கன், அடியில் கணுக்கால் அளவு மழைத் தண்ணீர் நிற்கிறது, நனைந்துவிடும் என்று சொல்லி, ஜெனரேட்டரையும் பாட்டுப் பெட்டிகளையும் பரண் மேல் ஏற்றிவிட்டார். நான் அவரிடம், "அண்ணே, கனத்தைக் கீழ வைங்க, மேல வெச்சா படகு கவுந்துடும்" என்று சொன்னேன். அதற்கு அவர், "மாப்ள, இது இன்னா கப்பலா? ஏரிதானே. நீ மாலையப் பாத்துக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அது என் தவறு.

காலை எட்டரைக்கு என்னையும் கன்னியப்பனையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் ஏறிப் புறப்பட்டோம். பாண்டுரங்கனும் அவர் ஆளும் பரண் மேல் இருந்தார்கள். கன்னியப்பன் கழி ஊன்றினார். பாதி ஏரியில், படகு லேசாக ஆடும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்ந்து வர மிகவும் நேரம் எடுப்பதைக் கவனித்தேன். அப்படி மெதுவாக நிமிர்வது நல்லதல்ல. அதன் காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று உதவி ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். மிதப்பது ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் தண்ணீரில் அதிகமாக அமிழும், அமிழ்ந்த பக்கத்தைத் தண்ணீர் மேலே தள்ளும், அதனால்தான் கப்பல் நிமிர்கிறது. கனம் உயரத்தில் இருந்தால் அதுவும் சாய்ந்த பக்கமே போய் நின்று, தண்ணீரின் தள்ளுதலை மீறி அமுக்கும். அடியில் தேங்கிய தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சேர்ந்துகொள்ளும். பெரிய கப்பலுக்கும் இதுதான் கதி.

அதன் பிறகு அக்கரையில் பெண் வீட்டார் டிராக்டரோடு நிற்பது தெரிந்ததும் பாண்டுரங்கன் பாட்டைச் சத்தமாக வைத்தார். என் நண்பர்கள் ஆறு பேர் ஆடுவதற்குப் பரண் மேல் ஏறினார்கள். உடனே படகு இடது பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இருந்தது. பெண்கள் வலது பக்கம் ஓட எழுந்தார்கள். ஓடினால் படகு அந்தப் பக்கமாகப் புரண்டுவிடும் என்பதால், "யாரும் ஓடாதீங்க, நின்ன எடத்துலயே குந்துங்க" என்று கத்தினேன். என் தாயார் முதலில் படகின் அடியில் தேங்கிய தண்ணீரிலேயே பட்டுப் புடவையோடு உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு நான் பரணில் ஏறி, ஆடியவர்களை நடுக் கட்டையைப் பிடித்து ஒவ்வொருவராக இறங்கச் செய்தேன். பாண்டுரங்கன் மட்டும் ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "புதுசுப்பா, பொட்டி பிரிச்சி ஒரு மாசம் கூட ஆவல" என்றார். "அண்ணே, நீங்க பழசாவணும்னா எறங்குங்க" என்று சொல்லி அவர் கையை விடுவித்துக் கீழே அனுப்பினேன். சாய்ந்த பக்கம் தள்ளினால் அது விளிம்பைத் தாண்டுவதற்குள் படகை இன்னும் சாய்க்கும் என்பதால், ஜெனரேட்டரையும் பெட்டிகளையும் படகின் பின்பக்கமாக ஏரிக்குள் தள்ளினேன். பாட்டு நின்றது. படகு பாதி நிமிர்ந்தது.

அதன் பிறகு அடித் தண்ணீரை இறைக்கச் சொன்னேன். பாத்திரம் இல்லாததால் என் தாயார் வரிசைக்குக் கொண்டு வந்த அண்டாவில் இருந்த லட்டுகளை எல்லோர் மடியிலும் கொட்டிவிட்டு, அண்டாவால் இறைத்தார். பெண்கள் வரிசைத் தட்டுகளால் இறைத்தார்கள். மடியில் லட்டு இருந்ததால் சிலர் தின்றுகொண்டே இறைத்தார்கள். படகு முழுவதும் நிமிர்ந்ததும் கன்னியப்பன் கழியைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அது எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. கரை சேரும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

கரையில் அமலா சேறு பூசிய பாதங்களோடு தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். "கப்பல்ல வேலைன்னாங்க, எங்களுக்கு இன்னாவோ சும்மா சொல்றாங்கன்னு இருந்திச்சி. நெசந்தான் போல கீது" என்று சொல்லி, தண்ணீர் இறைத்தபோது தெறித்து என் தலையில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டார். டிராக்டரில் போய்ப் பத்து இருபதுக்கு ஈர வேட்டியோடு தாலி கட்டினேன்.

பாண்டுரங்கன் கொடுத்த புகாரில், பாட்டுப் பிடிக்காமல் வேண்டுமென்றே சேதப்படுத்தியதாக உள்ளது. அது சரியல்ல. பாட்டு எனக்குப் பிடித்தமானதே. பொருள்களைத் தள்ளியது நான்தான், யாரும் தூண்டவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்கு அன்று தெரியாது. இப்போது இந்த மேசை அருகே நின்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, புகாரைத் திரும்பப் பெற என்ன எழுத வேண்டும் என்று தலைமைக் காவலரைக் கேட்டார். அவர் வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறார்.

மறுபடி அப்படி நேர்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்கப்பட்டது. மறுபடியும் தள்ளுவேன். ஏறிய இருபத்திரண்டு பேரும் அன்று மதியம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கூட்டவும் குறைக்கவும் ஏதுமில்லை, அனைத்தும் நடந்த உண்மை.

(ஒப்பம்) நா. பகலவன்