சாப்பிட்டாயா என்று கார்ஸ்டன் கேட்டார்

பெயர்: சிறீஸ்கந்தராசா தேவராசா. வயது: 29. தொழில்: தொழிற்சாலை வேலை. சொந்த இடம் யாழ்ப்பாணம், தற்போது டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் வாடகை அறையில் வசிக்கிறேன். 1988 நவம்பர் 16 அன்று, மொழிபெயர்ப்பாளர் கத்தரீனா முன்னிலையில் பொலிஸாருக்குச் சொல்வது:

கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் நான் றக்பி விளையாடியவன். இங்கு வந்த பின்பு றக்பி கழகம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கு உடற்பலப் பயிற்சி கொடுப்பவர் கார்ஸ்டன், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர். பாரம் தூக்குகிறவனைவிட அவன் தலைமாட்டில் காவலுக்கு நிற்கிறவன் தெம்பாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் பயிற்சிக்கு முன் ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்பார். இல்லை என்றால் அன்று பாரத்தின் பக்கம் விடமாட்டார்.

14ஆம் திகதி மாலை என்னிடமும் கேட்டார். ஆம் என்றேன். அன்று கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள். தண்ணீரைத் தவிர வேறொன்றும் என் வாயில் படவில்லை. என் மனைவி ராசமலர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். அவளை இங்கு அழைக்க விண்ணப்பித்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. அதற்காகவே அந்த விரதம்.

ஏன் பொய் சொன்னாய் என்று அதிகாரி கேட்கிறார். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பிட்டாச்சோ என்று கேட்பார்கள், பசித்தாலும் ஓம் என்பதுதான் மரியாதை. இல்லையென்றால் அந்த வீட்டுக்காரி திரும்ப அடுப்பு மூட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திவிட்டது. ஆனால் திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. நான் திருத்தவில்லை.

அதன் பின்பு சக வீரர் லார்ஸ் வாங்குப் பலகையில் மல்லாக்கப் படுத்து இரும்புத் தண்டைத் தூக்கினார். தலைமாட்டில் காவலுக்கு நின்றவன் நான். பாரம் பாதியில் நின்றுவிடவே என்னைக் கூப்பிட்டார். நான் தண்டைப் பிடித்தேன், கண் இருண்டது, கை விட்டுவிட்டது. தண்டு விழுந்து அவரது காறை எலும்பு முறிந்தது. கார்ஸ்டன் ஓடிவந்து தூக்கினார். லார்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

நான் பட்டினி கிடந்தது பின்பு தெரியவந்ததும், சாப்பிட்டாயா என்று கேட்காமலே என்னைக் காவலுக்கு நிறுத்தியதாகச் சொல்லிக் கழகத்தார் கார்ஸ்டனை வேலையிலிருந்து இடைநிறுத்தினர். இன்று நான் இங்கு புறப்பட்டபோது என்னோடு வசிக்கும் நண்பர் (பெயரைச் சொல்ல மாட்டேன்) என்னைத் தடுத்தார். “உனக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை? அவன் கேட்டது விளங்கேல்லை எண்டு சொல்லு. பொலிசிலை உன்ரை பேரிலை ஒண்டு பதிஞ்சால், ராசமலர் வந்த மாதிரித்தான்” என்றார்.

எனக்கு டெனிஷ் அரைகுறைதான். ஆனால் அந்தக் கேள்வி நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்றால் நான் தப்பிவிடுவேன், ஒழுங்காகக் கேட்ட மனிதர் வேலையிழப்பார். அவள் வர வேண்டும் என்று பட்டினி கிடந்தேன். அந்தப் பட்டினியே அவளை வரவிடாமல் செய்துவிடுமோ என்று பயந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

எழுதியதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. இதிலிருந்து ஏதாவது எடுத்துவிட வேண்டுமா என்று அதிகாரி இரண்டு தரம் கேட்டார். நான் ஒரு சொல்லையும் எடுக்கச் சொல்லவில்லை.

(ஒப்பம்) சி. தேவராசா